அரிவாளுக்கு எதிரே ஒரு பீரங்கி

மலர், கதிர், இந்த மாதம் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பேர், நால்வருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ஸ்கூடாய் பட்டறைக்கு நான் சும்மா எட்டிப் பார்க்க வந்தேன் அல்லவா? அப்போது கதிர் கேட்டான், "அப்பா, இந்த வீரபத்திரருக்கு வாள் எவ்வளவு நீளம் வைக்கலாம்?" நான் பதிலுக்கு, "முதலில் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வா" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. வேலை விட்ட பிறகும் அப்பா அதட்டுகிறார் என்று நினைத்திருப்பான். அதட்டலில்லை, பிள்ளைகளே. அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு பெரிய கூத்து இருக்கிறது. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் சிரித்துவிடுவேன், அதனால் எழுதித் தருகிறேன். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவன். பிழை இருந்தால் மலர் திருத்திக்கொள்ளட்டும்.

கம்பி கட்டுவது, கலவை போடுவது, சாயம் சேர்ப்பது பற்றியெல்லாம் இதில் ஒன்றும் இருக்காது. அதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஃபைபர் வேலையில் நான்தான் உங்களிடம் பாடம் கேட்க வேண்டும். நான் சொல்லப்போவது ஆயுதத்தைப் பற்றி.

சாமி கையில் நாம் வைக்கும் வாள், வேல், சூலம், கதை எல்லாம் ஒரு காலத்தில் போரில் புழங்கிய சாமான்கள்தான். சிலைக்குள் வந்ததும் அவை பேசும் பேச்சு வேறாகிவிடுகிறது. முருகனின் வேல் வானத்தைப் பார்த்து நிற்கிறது. பெருமாளின் சக்கரம் விரல் நுனியில் பூ மாதிரி உட்கார்ந்திருக்கிறது. வாசலில் நிற்கும் துவாரபாலகரைப் பாருங்கள், எத்தனை பெரிய கதை! அதைத் தரையில் ஊன்றி, மேலே ஒரு காலையும் தூக்கிப் போட்டுக்கொண்டு நிற்பார். தபால்காரருக்குப் பை மாதிரி, அந்தச் சாமிக்கு என்ன பொறுப்பு என்று ஆயுதம் நமக்குச் சொல்கிறது. அசுரனை மிதிக்கும் அம்மனை விட்டால், ஆயுதத்தை ஓங்கியபடி நிற்பவர்கள் பெரும்பாலும் காவல் தெய்வங்கள்தான். அங்கேதான் செய்கிறவன் அதிகம் யோசிக்க வேண்டும்.

நான் யோசிக்கவில்லை.

மலர், கதிர், அப்போது நீங்கள் இருவரும் ஆரம்பப் பள்ளியில் இருந்தீர்கள். அதுவரை நான் மற்ற மேஸ்திரிகளிடம் வேலை பார்த்தவன். என் சொந்தப் பெயரில் கிடைத்த முதல் சிலை, யோங் பெங் பக்கம் ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், இருந்த சின்னக் கோயிலுக்கு. பத்தடி முனீஸ்வரர், நின்ற கோலம், வலது கையில் ஓங்கிய அரிவாள். கோயில் தலைவர் சுப்பையா அண்ணன். ஒரு பெரிய தொழிற்சாலையில் ஜாகாக்காரர்களை, அதாவது காவலாளிகளை, மேய்த்து ஓய்வு பெற்றவர். அவர் மீசையைப் பார்த்துத்தான் சிலைக்கு மீசை வைத்தேன் என்று சொன்னால் நம்புங்கள்.

அவர் கேட்டது மூன்றடி அரிவாள். நான் நாலடி வைத்தேன். பார்க்கிறவன் "யார் செஞ்சது?" என்று கேட்க வேண்டும் என்ற ஆசைதான். இரும்புத் தகட்டில் வெட்டி, வெள்ளியாய் மின்னும் சாயம் அடித்து, வீசப்போகிற மாதிரி கொஞ்சம் முன்பக்கம் சாய்த்துக் கைப்பிடியில் பூட்டினேன். இடத்தைப் போய்ப் பார்க்கவில்லை. தலைவர் கைப்பேசியில் அனுப்பிய பீடத்தின் படத்தை மட்டும் பார்த்து அளவு எடுத்துக்கொண்டேன். சிலையை இறக்கிய அன்று கொட்டும் மழை. பீடத்தில் நிறுத்தி முடுக்கிவிட்டு, எதிரில் என்ன இருக்கிறது என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் கிளம்பிவிட்டேன்.

கண்ணை மட்டும் விட்டுவைத்திருந்தேன். கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை காலை கண் திறப்பு. அதுவரைக்கும் அது சிலை. கண் திறந்துவிட்டால் சாமி. அப்புறம் நம் கை அதன்மேல் படக்கூடாது.

அந்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம் தலைவர் கூப்பிட்டார்.

"தம்பி, உடனே கெளம்பி வா. இங்க போர் மூண்டுருச்சு."

நான் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். பூசாரி ராமையா, திறந்த வெளியில் நிற்கும் முனீஸ்வரருக்குக் கீழே நின்று கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். வேட்டி, வெற்று மார்பு, நெற்றி நிறைய விபூதி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் போடுகிற மாதிரி பெரிய கண்ணாடி. நான் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் தலைவரைப் பார்த்தேன்.

"சிரிக்காத. அங்க பாரு."

கோயிலுக்கு நேர் எதிரே, ஒரு காரும் ஒரு மோட்டார் சைக்கிளும் ஒதுங்கிப் போகக்கூடிய சின்ன ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு சீனக் கோப்பிக்கடை. கீழே கடை, மேலே வீடு. அதை நடத்துகிறவர் மேய் ஆன்ட்டி. கடை வாசலுக்கு மேலே எட்டு மூலைப் பலகையில் ஒரு வட்டக் கண்ணாடி மாட்டியிருந்தது. கெட்டது எது வந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்புவதற்குச் சீனர்கள் வீட்டில் மாட்டுவார்களே, அது. மேற்கு வெயில் அதில் பட்டு நேராகப் பூசாரி முகத்தில் வந்து அடித்தது.

"ஒன் அருவா மொகம் நேரா அவங்க வாசலப் பாக்குதாம். கூரான பொருளு வாசலப் பாத்தா குடும்பத்துக்கு ஆகாதாம். கண்ணாடிய மாட்டுனாங்க. சரி, போனாப் போவுதுன்னு விட்டோம்," என்றார் தலைவர்.

"நீங்க எங்க விட்டீங்க?" என்று உள்ளே இருந்து ஒரு குரல். காந்திமதி அக்கா, கோயில் செயலாளர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். "மறுநாளே பூசணிக்காயில பூதம் மூஞ்சி வரைஞ்சு அவங்களப் பாத்துக் கட்டுனது யாரு?"

"அது திருஷ்டிக்குக் கட்டுனது."

"ஆமா, அவங்க திருஷ்டிக்கு."

"சரி, கட்டுனேன். அதுக்குன்னு பீரங்கி வைப்பாங்களா?"

நான் மறுபடியும் பார்த்தேன். கடை வாசலில் இரண்டு பூந்தொட்டிகளுக்கு நடுவே, ஒரு முழ நீளத்தில், பளபளவென்று பித்தளைப் பீரங்கி. குட்டிச் சக்கரம் இரண்டு. அதன் வாய் முனீஸ்வரரின் தொப்புளுக்குக் குறி வைத்திருந்தது.

"அலமாக்!" என்றேன். "சுடாதுல்லண்ணே?"

"குண்டு சுடாது. அவமானம் சுடுதுல்ல?"

காந்திமதி அக்கா பெருமூச்சு விட்டார். "இருபது வருசமா நம்ம திருவிழாவுக்குப் பார்லி தண்ணி கலக்கிக் குடுத்த மனுசி, தம்பி. ஒரு மாசமா முகம் குடுத்துப் பேசறதில்ல. நம்ம ஆளுங்களும் அங்க போறதில்ல. காலையில கோப்பி இல்லாம இவங்க எல்லாம் எப்படி எரிஞ்சு விழறாங்க தெரியுமா?"

தலைவர் என் தோளில் கை போட்டுச் சிலையருகே அழைத்துப் போனார். என்னை எதற்குக் கூப்பிட்டார் என்று அப்போதுதான் விளங்கியது.

"எடது கை சும்மாதானே இருக்கு? அதுல ஒரு சூலம் வச்சுரு. முனை நல்லா முன்னால வரட்டும்."

"அப்புறம் அவங்க ராக்கெட் வைப்பாங்க," என்றார் அக்கா. "நீங்க என்ன வைப்பீங்க?"

"தம்பி இருக்கார்ல, செய்வாரு. இல்லன்னா சொல்லிரட்டும். மலாக்காவுல ஒருத்தரு சூலம் ரெடியாவே வச்சிருக்காராம். அவரக் கூப்பிட்டுச் சனிக்கெழம கண்ணையும் தொறந்துக்கறோம்."

நான் வளர்த்த சிலைக்கு வேறொருவர் கண் திறப்பதா? நீங்கள் பிறந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் வந்து பெயர் வைத்துவிட்டுப் போனால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? செய்தி பரவினால் அடுத்து யார் என்னிடம் சிலை கேட்பார்கள்? 'சரிண்ணே, சூலம் வச்சுரலாம்' என்பது தொண்டை வரை வந்துவிட்டது. சூலம் செய்வது எனக்கு அரை நாள் வேலை. அவருக்கும் சந்தோஷம், எனக்கும் பெயர். நெருக்கடியில் முதலில் வாயில் வருகிற 'சரி' இருக்கிறதே, அது பெரும்பாலும் பயத்தில் வருவது. இதை நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம், உங்களுக்கே ஒருநாள் வரும். எப்படியோ அன்றைக்கு வாயைக் கட்டிக்கொண்டு, "காலையில சொல்றேண்ணே," என்றேன்.

ராத்திரி தலைவரோடு கோயிலிலேயே படுத்தேன். வெள்ளிக்கிழமை காலை எனக்குக் கோப்பி இல்லாமல் மூளை ஓடவில்லை. அந்தச் சுற்று வட்டாரத்தில் இருந்ததே ஒரு கடைதான். தலைவர் குளிக்கப் போன நேரம் பார்த்து ரோட்டைத் தாண்டினேன்.

மேய் ஆன்ட்டி தோட்டத்தை ஒட்டி வளர்ந்தவர். தமிழ் பேசுவார், அவருக்கே உரிய ஒரு தமிழ்.

"தம்பி, நீ கோயில் ஆள். இங்க குடிச்சா உங்க மீசை கோவிக்கும்."

"நான் ஸ்கூடாய் ஆளு ஆன்ட்டி. ஒரு கோப்பி குடுங்க."

"ஸ்கூடாய்? சிலை செஞ்ச ஆள் நீதான்?"

பொய் சொல்ல வரவில்லை. தலையாட்டினேன். கோப்பிக் கோப்பையை 'டக்' என்று மேசையில் வைத்தார்.

"அழகா செஞ்சே. ரொம்ப அழகு. அதான் பயம்."

பிள்ளைகளே, எத்தனையோ பேர் என் வேலையைப் பாராட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு பாராட்டில்தான் எனக்குக் கோப்பி இறங்கவில்லை.

"வா. என் நாற்காலி. உக்காரு," என்று கல்லாவுக்குப் பின்னால் இருந்த தன் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். நான்கு மாதம் அந்தச் சிலையை நான் பார்த்தது கும்பிடுகிறவன் நிற்கிற இடத்திலிருந்து. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் அரிவாள் நம் தலைக்கு மேலே போய்விடும். நமக்காக யாரோ ஓங்கி நிற்கிறார் என்று தைரியமாக இருக்கும். இங்கே ரோட்டுக்கு இந்தப் பக்கம் தரை மேடு, கடை வாசலும் உயரம். அரிவாளின் வளைந்த மூக்கு என் நெற்றிக்கு நேராக இருந்தது. அந்த நேரம் கிழக்கே வெயில் ஏறி வந்து தகட்டில் பட்டது. கடைக்குள் பளீரென்று ஒரு கீற்று பாய்ந்தது. நான் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"பாத்தியா? நீயே செஞ்சே, நீயே குனியறே!" ஆன்ட்டி கை தட்டிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பின்பக்கக் கதவு திறந்தது. ஒரு பெண், நிறைமாதத்துக்குப் பக்கம், சுவரைப் பிடித்தபடி ரொட்டிக் கூடையோடு உள்ளே வந்தாள். ஆன்ட்டி ஓடிப்போய்க் கூடையை வாங்கிக்கொண்டார். அவருடைய மருமகள், பெயர் லிங்.

"இவ இப்ப முன்வாசல்ல வர மாட்டா. கத்தி பாக்குது, பிள்ளைக்கு ஆகாது. பின்னால லோங்காங் மேல பலகை போட்டு வருது. நேத்து மழை. பலகை வழுக்கிச்சு. நல்லவேள என் மகன் புடிச்சான்."

லோங்காங் என்றால் சாக்கடைக் கால்வாய். இடுப்பளவு ஆழம் இருக்கும். எட்டு மாத வயிற்றோடு ஒரு பெண் அதன்மேல் பலகையில் நடக்கிறாள். எதற்கு? நான் பெயர் வாங்க வேண்டும் என்று ஒரு அடி கூட்டி வைத்த தகட்டுக்குப் பயந்து. நம்பிக்கை சரியா தப்பா என்று நான் அங்கே உட்கார்ந்து யோசிக்கவில்லை. என் அரிவாள் யாரையும் வெட்டாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அது ஒருத்தியைப் பின்வாசல் வழியாகத் துரத்திக்கொண்டிருந்தது.

"அந்தப் பீரங்கி யாரச் சுடறதுக்கு ஆன்ட்டி?"

"யாரையும் சுடாது லா! பேரப்பிள்ள வருது. காவலுக்கு."

தலைவரும் அரிவாளைப் பற்றி என்னிடம் முதன்முதலில் பேசியபோது இதையேதான் சொன்னார், காவலுக்கு என்று. இரண்டு வீட்டுக் காவலாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இதற்கு நடுவில் நான் சூலம் வேறு செய்யப் பார்த்தேன்.

அப்போது ரோட்டு முனையில் ஒரு உறுமல். பெரிய சாலையிலிருந்து எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று குறுக்கு வழி பிடித்து அந்தச் சின்ன ரோட்டுக்குள் திரும்பியது. வேகத்தைக் குறைக்கவே இல்லை. கடை நாற்காலிகள் அதிர, ஒரு குலை பொத்தென்று விழுந்து உருண்டது. கோயில் பக்கம் வேனை எடுத்துக்கொண்டிருந்த காந்திமதி அக்கா ஹார்னை அழுத்தி, லாரிக்காரனின் பரம்பரையையே விசாரித்தார். ஆன்ட்டி வாசலுக்கு ஓடி, அக்காவுக்கும் மேலே சத்தம் போட்டார். அவர் சீனத்தில் திட்டினார், அக்கா தமிழில் திட்டினார். ஒரு மாதமாகப் பேசாத இருவரும் அந்த அரை நிமிடம் ஒரே திசையைப் பார்த்து, ஒரே ஆளைத் திட்டினார்கள்.

"அதான் தம்பி, நெஜ பயம்," என்றார் ஆன்ட்டி உள்ளே வந்து. "முன்னால என் தூண இடிச்சான். அப்புறம் கோயில் வளைவு. ஒருநாள் ஆளையே இடிப்பான்."

நான் மிச்சக் கோப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தேன்.

தலைவர் தலை துவட்டிக்கொண்டு வந்தார். நான் எங்கே போயிருந்தேன் என்பதை வாய் வாசனையிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"கோப்பி எப்படி?" என்றார். குரலில் கோபத்தைவிட ஏக்கம் அதிகம் இருந்தது.

"நல்லா இருந்துச்சுண்ணே. சூலம் வேண்டாம். அருவாவோட மொகத்த வலது பக்கம் திருப்பி ரோட்டு முனையப் பாக்க வைக்கறேன்."

"முடியாது! சாமி ஆயுதத்தத் திருப்புனா தோத்துட்டாருன்னு அர்த்தம். சீனத்தி பீரங்கியக் காட்டுனா, முனீஸ்வரரு பயந்துட்டாருன்னு தாமானே சிரிக்கும்."

மலாக்கா ஆள் நினைவுக்கு வந்தார். ஆனால் அந்த மருமகள் சுவரைப் பிடித்து வந்தது கண்ணிலேயே நின்றது.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. ஃபேக்டரி கேட்டுல ஜாகா நிறுத்துவீங்கல்ல, எந்தப் பக்கம் பாக்க நிறுத்துவீங்க?"

"இது என்ன கேள்வி? ரோட்டப் பாத்துத்தான். வர்ற வண்டியப் பாக்கணும்ல."

"ஒருத்தன் ரோட்டப் பாக்காம, எதிர்க்கடைப் பொம்பளைய எந்நேரமும் மொறச்சுக்கிட்டு நின்னா?"

"அன்னைக்கே வேலைய விட்டுத் தூக்கி..."

அவ்வளவுதான். மீசை அப்படியே நின்றுவிட்டது. காந்திமதி அக்கா வேன் சன்னல் வழியாகச் சிரித்த சிரிப்பில் பிள்ளைகள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

பூசாரி ராமையா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இன்னும் கண்ணு தொறக்கல. இன்னைக்குன்னா திருப்பலாம். நாளைக்கு அப்புறம் என்னைக் கேக்காதீங்க. எனக்கும் இந்தக் கண்ணாடி மூக்கு வலிக்குது," என்றார்.

தலைவர் துண்டை உதறினார். "சரி, திருப்பு. ஆனா எங்க முனீஸ்வரரு கம்பீரம் ஒரு சொட்டு கொறஞ்சாலும் மலாக்கா ஆளுதான். இப்பவே சொல்லிட்டேன்."

அரிவாளைக் கழற்றி, கூட்டிய ஒரு அடியை வெட்டி எடுத்தேன். பளபளப்பை மங்கலாக்கினேன். மூக்கு ரோட்டு முனையைப் பார்க்கும்படி பூட்டினேன். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. அப்புறம்தான் உண்மையான சோதனை. உடம்பும் முகமும் கடையைப் பார்க்கின்றன, ஆயுதம் ரோட்டைப் பார்க்கிறது. கண்ணை நேராக வைத்தால் அரிவாளை எங்கேயோ மறந்து வைத்த ஆள் மாதிரி இருக்கும். ஆகவே கண்ணும் வலது பக்கம் போக வேண்டும். ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினேன்.

தலைவர் பார்த்தார். "என்னய்யா இது, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி ஓரக்கண்ணு விடறாரு?"

இன்னொன்று வரைந்தேன்.

"இது கோழி திருடுன முழி."

இன்னொன்று.

"இவரு மாமியாவுக்குப் பயந்தவரு."

எட்டோ ஒன்பதோ வரைந்திருப்பேன். கம்பீரம் வரவே இல்லை. கண் மணியை எத்தனை தள்ளினாலும் திருட்டுத்தனம்தான் வந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மலாக்கா ஆளின் எண்ணைத் தலைவர் கைப்பேசியில் தேட ஆரம்பித்துவிட்டார். என் கை காகிதத்தில் ஓடவில்லை.

அந்த நேரம் ரோட்டு முனையில் மறுபடியும் லாரிச் சத்தம். தலைவர் தலையைத் திருப்பவில்லை. உடம்பு அசையவில்லை. கண் மட்டும் வலது பக்கம் போனது. அந்தப் பக்கத்துப் புருவம் ஒரு விரற்கடை ஏறியது, மற்றது இறங்கியது. உதடு இறுகியது. எத்தனை வருடம் கேட்டில் நின்று வண்டிகளை எடை போட்ட முகம்! கள்ளம் துளியும் இல்லை. 'வா, நீ யாருன்னு பாக்கறேன்' என்கிற பார்வை.

"அண்ணே! அப்படியே நில்லுங்க! அசையாதீங்க!"

"என்ன, தேளா?"

"இல்லண்ணே, புருவம்! புருவத்த எறக்காதீங்க!"

கண் மணியைத் தள்ளுவதில் ஒன்றும் இல்லை, எல்லாம் புருவத்தில் இருந்திருக்கிறது. சாரத்தில் ஏறிக் கரிக்கட்டியால் சிலையின் முகத்தில் அந்தப் பார்வையைக் குறித்தேன். கீழிருந்து பார்த்தால் கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நாற்காலியிலிருந்து எப்படி இருக்கும்? அதைச் சொல்ல ஒரே ஆளால்தான் முடியும். தலைவரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில் ரோட்டோரம் போய் நின்று குரல் கொடுத்தார்.

"மேய்! ஓய் மேய்! ஒன் நாற்காலியில உக்காந்து பாரு! எப்படி இருக்கு?"

கடைக்குள் நாற்காலி இழுபடும் ஓசை.

"இன்னும் கொஞ்சம் என்னப் பாக்குது! அந்தப் பக்கம் தள்ளு!"

நான் அழித்துத் தள்ளிக் குறித்தேன்.

"இப்ப?" என்று கத்தினார் தலைவர். "மேய், ஒன் கண்ணாடி எங்க கண்ணுல அடிக்குது, ஒண்ணும் தெரியல!"

"இரு இரு!" ஆன்ட்டி ஸ்டூல் போட்டு ஏறி மேசை துடைக்கிற துணியைக் கண்ணாடிமேல் போட்டார். மறுபடியும் போய் உட்கார்ந்தார். "இப்ப... இப்ப லோரியப் பாக்குது! என்னப் பாக்கல! சுப்பையா, ஒன் மூஞ்சி மாதிரியே இருக்கு லா!"

தலைவர் மீசையை ஒதுக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "அவளுக்குச் சின்ன வயசுலேருந்தே கண்ணு கூர்மை," என்றார். கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலை திரை கட்டி, விளக்கேற்றி, என் கையாலேயே கண்ணைத் திறந்தேன். திரை விலகியபோது கூட்டம் கும்பிடுவதை மறந்து ரோட்டு முனையைத் திரும்பிப் பார்த்தது. சாமி அங்கே என்ன பார்க்கிறார் என்று அவர்களுக்கும் பார்க்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

எதிர்ப்பக்கம் மேய் ஆன்ட்டி குனிந்து பித்தளைப் பீரங்கியைச் சக்கரத்தோடு உருட்டினார். அதன் வாயும் ரோட்டு முனையைப் பார்த்தது. நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பூசாரியைக் கூப்பிட்டார்.

"சாமி! ஒன் அருவாக்கு மஞ்சள் செவப்புப் பொட்டு வச்சே. என்னோடது? இதுவும் இப்ப அதே வேலதான் பாக்குது!"

ராமையா தலைவரைப் பார்த்தார். தலைவர் தலையசைத்தார். பூசாரி தட்டோடு ரோட்டைத் தாண்டிப் போய், பீரங்கிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வேறு வைத்துவிட்டு வந்தார். புதுக் கார் என்று நினைத்துவிட்டார் போல. ஆன்ட்டி ஊதுபத்தி ஏற்றி அதற்கு ஒரு கும்பிடு போட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. கடையின் முன்வாசலில் லிங் வந்து நின்றாள். கையில் பார்லித் தண்ணீர்க் கோப்பைகள் அடுக்கிய தட்டு. ஒரு நிமிடம் தயங்கி, முனீஸ்வரரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. வேலையில் இருந்தார். அவள் சிரித்துக்கொண்டே படியில் கால் வைத்தாள்.

பெரிய சாலையிலிருந்து ஒரு லாரி திரும்பியது.

நாங்கள் வாய் திறப்பதற்குள் தலைவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடு ரோட்டில் போய் நின்றுவிட்டார். முகம் ரோட்டு முனையைப் பார்த்தது, ஒரு புருவம் மேலே, வலது கை ஓங்கி நின்றது. லாரி 'கிரீச்' என்று பிரேக் பிடித்து, பத்தடிக்கு அப்பால் நின்று, மூச்சு விட்டது. ஓட்டுநர் தலைவரைப் பார்த்தான், அவருக்குப் பின்னால் பத்தடி உயரத்தில் அதே முகத்தைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றினான். லிங் தட்டு அலுங்காமல் மெதுவாக ரோட்டைத் தாண்டினாள்.

"அண்ணே," என்று கத்தினார் காந்திமதி அக்கா, "ஒரு அருவாதான் கொறை!"

"எதுக்கு?" என்றார் தலைவர், கையை இறக்காமலே. "அவன் நின்னுட்டான்ல?"